துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு

நிலக்கடலை காய் பிடிக்கும் சமயத்திலும் குச்சிக்கிழங்கு திரளும் சமயத்திலும் ஓமலூர், காடையாம்பட்டி வட்டார விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. சேர்வராயன் மலை அடிவாரத்திலும் டேனிஷ்பேட்டை வனச்சரகத்தை ஒட்டிய கரடுகளிலும் பகலில் படுத்துக் கிடக்கும் பன்றிக் கூட்டம் இருட்டியதும் இறங்கிவிடுகிறது. கூட்டம் புகுந்த வயல் காலையில் ஏர் ஓட்டியதுபோலக் கிடக்கும். தின்றது கொஞ்சம், மிதித்ததும் கிளறியதும்தான் அதிகம். பால் பிடித்த மக்காச்சோளமானால் தட்டையோடு சாய்த்துவிடும்.

அடிவார ஊர்களில் நாலு பேர் கூடினால் ஒருவராவது கேட்கும் கேள்வி இது: "எங்கள் பயிரை நாங்களே காப்பாற்றிக்கொள்ளத் துப்பாக்கி லைசென்சு கொடுப்பார்களா?"

கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டும் என்று கேட்பவருக்கு, குழலின் வாய்வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கும் தரலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை கேட்கப்படும்.

சிறு விவசாயிகள் பலருக்குத் தெரியாத விஷயம் 14ஆம் பிரிவில் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தை விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும், பொதுநலனுக்குப் பாதகம் என்று அதிகாரி கருதினால் மட்டுமே தராமல் இருக்கலாம். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. ஆனால் பொது அமைதி, பாதுகாப்பு கருதி மறுக்கும் அதிகாரமும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் அங்கேதான் நிற்கின்றன.

சரி, உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அன்று இரவே வயலில் இறங்கிய பன்றியைச் சுடலாமா? கூடாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கிறது, அவ்வளவுதான். எந்த விலங்கைச் சுடலாம் என்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முடிவு செய்கிறது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் 2ஆம் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்தில் அனுமதி தரலாம். அந்தத் தாள் இல்லாமல் சுட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கியானாலும் வேட்டைக் குற்றம்தான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் இன்னும் மேலே, 1ஆம் அட்டவணையில். அதைத் தொட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு. தன் மேலோ பிறர் மேலோ பாயும் விலங்கை உயிர் காக்க நல்லெண்ணத்தோடு கொல்ல நேர்ந்தால் மட்டும் குற்றமில்லை. அப்போதும் செத்த விலங்கு அரசுச் சொத்து. கறி பங்கு போட்டால் வழக்கு வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கணக்கு 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வருவதை வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி இல்லை. சேதம் அதிகமாக இருப்பதோ காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில்தான். அடிவாரத்து விவசாயிக்கு இந்த அறிவிப்பால் பெரிய பலன் இல்லை என்று சொல்வதில் தவறில்லை. சரபங்கா ஆற்றோரம், சீமைக்கருவேல் புதரில் குடியேறிவிட்ட கூட்டங்களுக்கு வேண்டுமானால் இது பொருந்தும்.

கேரளத்தில் வேறு வழி. 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரம் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரரை அழைத்துச் சுடச் சொல்லலாம். உடலைப் புதைத்துவிட வேண்டும். நம் விவசாயச் சங்கங்கள் துப்பாக்கி கேட்டு மனு எழுதுவதைவிட, முடிவெடுக்கும் அதிகாரத்தை ஊருக்கு அருகில் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது பலன் தரும். "குடகில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. அது குடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளருக்கும் ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் தரப்பட்ட தனி விலக்கு, 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியல் சட்ட உரிமை. இங்கே அப்படி இல்லை.

இன்னொரு பயம் பன்றியைப் பற்றியது அல்ல. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர் கொல்லப்பட்டனர். 2025இல் மே மாதம் பிறந்த சமயத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. சேலம், நாமக்கல் பக்கமும் காட்டுக்கொட்டாய்கள் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் கிழவனும் கிழவியும். தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் ஒப்புக்கொள்கிறது. இரவில் வீடு உடைத்துப் புகுபவனைத் தடுக்கும்போது அவன் உயிர் போக நேர்ந்தாலும் அந்த உரிமை நிற்கும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. வயலில் தேங்காய் திருடுபவனுக்கு இது பொருந்தாது. அவனைச் சுட்டால் கொலை வழக்கு.

ஆனாலும் எழுபது வயதில், தூக்கத்திலிருந்து எழுந்து, பெட்டியைத் திறந்து, மருந்து கெட்டித்துச் சுடுவது நடக்கிற காரியமா என்று யோசிக்க வேண்டும். குரைக்கிற நாய், வாசலில் விளக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் எண், அவசர அழைப்பு 112, இவற்றுக்கு உரிமம் தேவையில்லை.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். மலையிலும் அடிவாரத்திலும் சில வீடுகளில் அது பரணில் கிடக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. செய்து கொடுத்தவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட வழக்குகளும் உண்டு. திருட்டு மின்சாரத்தில் கம்பி போடுவதும் இதே ரகம்தான். 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் செத்தன, 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன, நிலத்துக்காரர் கைதானார். சூரிய மின்வேலி போட நினைப்பவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேட்கலாம். காட்டை ஒட்டிய நிலமானால் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறை அனுமதியும் வேண்டும்.

சேதம் நடந்தால் விடிந்ததும் வயலைச் சீர் செய்ய ஆரம்பித்துவிட வேண்டாம். தடத்தோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனவருக்கும் எழுத்தில் கொடுத்து, அடங்கல் நகலோடு இழப்பீடு கேட்க வேண்டும். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. எழுத்துப் புகார் ஒரு ஊரிலிருந்து பத்து சேர்ந்தால்தான் கூண்டு வைக்கவோ சுடவோ கேட்பதற்கு ஆதாரம் இருக்கும்.

அப்பாவோ தாத்தாவோ உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அவர் இறந்துவிட்டாலோ உரிமக் காலம் முடிந்துவிட்டாலோ அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு ஒருவருக்கு மாற்றித் தரக் கேட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போகவும். ஒப்படைத்ததற்கான ரசீதை அன்றே கேட்டு வாங்கி, உரிமப் புத்தகத்தின் நகலோடு சேர்த்து வைக்கவும்.