விமானம் ஏறும் வீணை



நம் பிள்ளைகள் பயிலும் வீணைகளிற் பல தஞ்சாவூரிற் செய்யப்பட்டவை. பலாமரத்தால் ஆகிய தஞ்சாவூர் வீணை 2013 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஏறத்தாழ நான்கு அடி நீளமான இவ்வாத்தியத்திற்கு விமானப் பயணம் கடுஞ்சோதனையாகும். காரணம் என்ன?

வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மீதே பதிக்கப்படுகின்றன. வெப்பத்தில் மெழுகு இளகினால் மெட்டுகள் நகரும், சுரத்தானம் பிசகும். சென்னை வெயிலிற் பொதி காத்திருக்கும் நேரமும் ஆபத்தானதே. பாரிசின் மாரிகாலத்திலோ, வெப்பமூட்டிய அறைகளின் வரண்ட காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். மரம் சுருங்கி வெடிக்கவும் கூடும்.

ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் விமான நிறுவனத்தின் விதிகளைக் கேட்டறிக. தந்திகளைச் சற்றுத் தளர்த்துக. உறுதியான பெட்டியில் வைத்து, யாளிமுகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைத் துணியால் நிரப்புக. கிற்றாருக்கும் இது பொருந்தும். அதன் கழுத்தும் தலையும் சேருமிடமே எளிதில் முறிவது. வீடு சேர்ந்ததும் பெட்டியைச் சில மணிநேரம் திறவாது வைத்திருத்தல் நன்று.

பழைய வீணைகளில் யானைத்தந்த வேலைப்பாடு இருக்கலாம். ஆசிய யானையின் தந்தம் 1975 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. உரிய அனுமதிப்பத்திரம் இல்லையேல், பாட்டியார் வாசித்த வீணையும் சுங்கத்திற் பறிமுதலாகலாம்.

ஏதிலிகளாய்ப் புறப்பட்ட நம்மிற் பலர் வாத்தியங்களை ஊரிலேயே விட்டுவந்தோம். இன்று வந்துசேரும் ஒவ்வொரு வீணையும் நம் பிள்ளைகளின் கைகளிற் பழுதின்றி ஒலிக்கட்டும்!