கடைக்குப் பெயர், இணையத்தில் முகவரி

புதிய தொழிலுக்குப் பெயர் தேர்ந்தெடுத்து, அறிவிப்புப் பலகையும் எழுதி, விசிட்டிங் கார்டும் அச்சடித்த பிறகே பலர் இணைய முகவரியைத் தேடுகிறார்கள். அதற்குள் வேறு யாரோ அதைப் பதிந்திருப்பார்கள். பெயரும் முகவரியும் ஒன்றாகவே முடிவாக வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 'வாழை' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் 'இசட்-ஹெச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எல்' போட்டு எழுதுவார். போனில் சொன்னால் பிழையின்றித் தட்டச்சு செய்ய முடிகிற பெயரே நல்லது. முடியாவிட்டால் இரண்டு முகவரிகளையும் வாங்கிவிடலாம்; ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் பெரிய தொகை அல்ல.

முகவரி கிடைத்துவிட்டதாலேயே பெயர் சொந்தமாகிவிடாது. வணிகக் குறிகள் 45 வகுப்புகளாகப் பதிவாகின்றன. அதே பெயரை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க அரசின் இணையதளத்திலேயே வசதி உண்டு. 'சிஃபி' என்ற பெயரில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே, ஒரு 'எஃப்' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து 'சிஃபிநெட்' என்ற முகவரி வைத்திருந்த நிறுவனத்தை எதிர்த்து வழக்காடியது. இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது.

முகவரியைத் தளம் வடிவமைப்பவர் பெயரில் பதியவிடுவது பரவலான தவறு. உரிமையாளர் பெயரும் அவருடைய மின்னஞ்சலும்தான் பதிவில் இருக்க வேண்டும். புதுப்பிக்காமலே விட்டுவிட்டால் அந்த முகவரியை வேறு எவரும் வாங்கிவிடலாம்.