மோட்டார் வண்டியின் மேனியில் ஒரு கடுகளவு வடு

முன்னே விரையும் லொறியின் சக்கரம் எற்றிய சிறுகல் ஒன்று நம் வண்டியின் மேனியில் 'டிக்' என்று வந்து மோதுகின்றது. வீடு சேர்ந்து பார்த்தால் எஞ்சின் மூடியின் விளிம்பில் கடுகளவான ஒரு புள்ளி. அழகு குறைந்ததே என்று சிறிது வருந்திப் பின் மறந்துவிடுகின்றோம். மாரிமழை ஓய்ந்து தை பிறக்கும்பொழுது அப்புள்ளி பழுப்பேறி, சுற்றியுள்ள வர்ணத்தையும் கொப்புளமாக உயர்த்தி நிற்கும். ஆகவே இது அழகு பற்றிய விஷயமன்று. கறள் பற்றிய விஷயம்.

இரும்பும் ஒட்சிசனும் நீரும் கூடிப் பிறக்கும் கறள், தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிப்பது. அதனாலேயே வர்ணத்தை அடியிலிருந்து நெம்பிக்கொண்டு அது பரவுகின்றது. உப்புநீர் மின்னை எளிதிற் கடத்துவதால் அரிப்பு மேலும் விரைவுபடும். பண்ணைப் பாலத்தால் நாடோறும் தீவுப்பகுதிக்குச் சென்று வருவோர் இதனை நன்கறிவர்.

இக்காலத்து வண்டியின் பூச்சு ஒன்றன்று. தகட்டின்மேல் மின்முறையாற் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிறைமர், பின்னர் வர்ணம், யாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் என வழங்கும் நிறமற்ற மேற்பூச்சு. இவையனைத்தும் சேர்ந்தும் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கே! தொழிற்சாலையில் மேற்பூச்சுகளை ஏறக்குறைய 140 பாகை செல்சியசில் வாட்டி இறுக்குவர். கராஜில், உறுப்புகள் யாவும் பூட்டிய வண்டியை அவ்வாறு வாட்டுதல் இயலாது. எனவே ஒரு புள்ளிக்காக மூடி முழுவதையும் சுரண்டிப் புதுவர்ணம் அடிப்பிப்பதை நாம் ஆதரியோம். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்த காலத்தில், பழைய வண்டியின் மூல வர்ணத்திற்கு எத்துணை மதிப்பு என்பதை வாங்கினோரும் விற்றோரும் நன்கு கண்டனர்.

முதலில் வடுவின் ஆழத்தை அறிதல் வேண்டும். அதன்மீது ஒரு துளி நீர் விடுக. நீர் உள்ளவரை வடு மறையுமாயின், சேதம் மேற்பூச்சோடு நின்றுவிட்டது. பொலிஷ் இட்டுத் தேய்த்தலே பெரும்பாலும் போதும். உலோகம் பளிச்சிட்டால் தாமதம் ஆகாது. பம்பரில் விழுந்த வடுவாயின் அவசரமில்லை. இன்றைய பம்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்ரிக், கறள் பிடியா.

வர்ணம் வாங்குகையில் "வெள்ளை" என்று கேட்டால் போதாது. கதவுத் தூணிலோ எஞ்சின் மூடியின் கீழோ உள்ள தகட்டில் வர்ணத்தின் எண் இருக்கும். டொயோட்டா வண்டிகளில் 040 ஒரு வெள்ளை, 070 முத்துவெள்ளை. இரண்டையும் மாற்றிப் பூசினால் வடுவே மேல் எனத் தோன்றும். நகப்பூச்சு கொண்டு சமாளிப்போரும் உளர். அது வெயிலுக்கும் மழைக்கும் நெடுநாள் நில்லாது.

வேலைக்கு உகந்தது மழையற்ற நாளின் நிழல். ஈரக்காற்றில் பூசினால் பூச்சில் வெண்மூட்டம் படியும். வெயிலிற் கொதிக்கும் தகட்டில் பூசினால் அது சமன்படுமுன் காயும். சவர்க்கார நீரால் கழுவி உலர்த்தி, மெழுகுப்பசை போக மதுசாரத்தால் துடைத்து, கறளையும் உயர்ந்து நிற்கும் வர்ண விளிம்பையும் கூரிய கத்திமுனையால் அகற்றுக. கறளை உள்ளே விட்டு மூடுதல் புண்ணைப் புரையோடவிட்டுக் கட்டுவது போலாகும்.

தூரிகையினும் ஓர் ஈர்க்கின் நுனியே இதற்கு நன்று. பிறைமரை ஒரு துளி தொட்டு வடுவின் குழிக்குள் மட்டும் வைத்து உலரவிடுக. பின்னர் வர்ணத்தை இரண்டு மூன்று மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின், குழி நிறையாதவாறு இடுக. இங்கேதான் பலரும் பொறுமை இழந்து ஒரே குமிழாக அப்பிவிடுவர். அது மேலே தோல்கட்டி உள்ளே காயாது கிடக்கும். இறுதியில் கிளியர் கோட்டைச் சுற்றுப்புறத்திலும் இம்மி உயரும்படி வைத்து, ஒரு வாரம் தொடாதிருக்க வேண்டும். அதன்பின் 2000 எண் அரத்தாளைச் சிறு கட்டையிற் சுற்றி, சவர்க்கார நீரில் நனைத்து, உயர்ந்த பகுதியை மட்டும் மெல்லத் தேய்த்துப் பொலிஷ் இடலாம். சுற்றியுள்ள மேற்பூச்சு தலைமயிரினும் மெல்லியது என்பது நினைவில் இருக்கட்டும். இருகலவைக் கிளியர் கோட்டை விசிறியடிப்பது வீட்டு வேலையன்று; அதிலுள்ள ஐசோசயனேற்று சுவாசத்திற்குத் தீங்கானது.

1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தியான மொறிஸ் மைனர் வண்டிகளை யாழ்ப்பாண வீதிகளில் இன்றும் காணலாம். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி உழைத்த வகை! அவற்றின் மூலப்பூச்சில் கிளியர் கோட் இல்லை. அது பரவலானது 1980களிலேயே. வெள்ளைத் துணியிற் பொலிஷ் தொட்டு ஒரு மூலையில் தேய்க்கையில் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால், அது தனிப்பூச்சு என்க. அத்தகைய வண்டிக்கு வர்ணத்தையே சற்று உயர இட்டுத் தேய்த்துச் சமப்படுத்தினால் வேலை முடிந்தது.