மடங்கும் கத்தி, மடங்காத சட்டம்

உயர்ரகப் பேனாக்கத்தி ஒன்றை அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்குக் கேரள எல்லை இரண்டு சோதனைகளை வைக்கிறது: ஒன்று மழை, இன்னொன்று வனச் சாவடி.

விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் குமுளிக்கு மலையேறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காலடியில் தூக்குவாளிகளோடு வெட்டுக்கத்தியும் கிடக்கும். லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சி அடித்துச் செய்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரின் ஜீன்ஸ் பையில் மூன்றரை அங்குல மடக்குக்கத்தி ஒன்று செருகியிருக்கலாம். டைட்டானியம் பிடி, ஒரு விரலால் திறக்கும் அலகு. அதன் விலைக்கு ஜீப்பில் கிடக்கும் அத்தனை வெட்டுக்கத்திகளையும் வாங்கிவிடலாம். இரண்டில் எது தன் சொந்தக்காரரைச் சங்கடத்தில் மாட்டிவிடும்? நீளத்தை வைத்துப் பதில் சொல்பவர் ஏமாந்துபோவார்.

பேனாக்கத்தி புதிய சரக்கல்ல. இறகுப் பேனாவின் முனையைச் சீவ உதவியதால் வந்த பெயர் அது. பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-ல் செய்த மரப்பிடிக் கத்தி விவசாயிகளின் கருவி. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறை ராணுவத்துக்குக் கத்தி செய்தது. அவர் 1897-ல் பதிவுசெய்த 'ஆபீஸர்' கத்திதான் இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் உலகம் முழுவதும் விற்கும் சிவப்புக் கத்தியின் மூதாதை. 'உயர்ரகம்' என்ற பிரிவு பின்னால் வந்தது. 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் ஒற்றைக் கையால் திறக்க அலகில் ஒரு துளையும், பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப்பும் வைத்த கத்தியைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்ற கிறிஸ் ரீவ், 'சிபென்சா' என்ற மடக்குக்கத்தியால் இந்தத் தொழிலுக்கே அளவுகோல் வகுத்தார். ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வேலை' என்று பொருள். இன்று அமெரிக்காவிலேயே அதன் விலை 400 டாலருக்கு மேல். இந்தியாவுக்குத் தருவித்தால் சுங்கவரி தனி. ஓப்பினெல்லின் சாதாரண ரகம் அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான்.

கூடுதலாகக் கொடுக்கும் பணம் மூன்று விஷயங்களுக்குப் போகிறது: எஃகு, பிடி, பூட்டு. இந்த எல்லையில் அவை பயன்படுமா என்பதுதான் கேள்வி.

கனத்த வேலைக்கு இங்கே மடக்குக்கத்தியை யாரும் நம்புவதில்லை. ஏலச்செடியின் காய்ந்த தட்டைகளைக் கழிக்க வெட்டுக்கத்தி இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்ட அதற்கென்றே வளைந்த கத்தி உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் தென்னங்கள் போகிறது. அங்கே கள் இறக்குபவர் பாளை சீவும் அகன்ற கத்தி சவரக் கத்திக்குச் சவால் விடும் கூர்மை கொண்டது. மடக்குக்கத்திக்கு மிஞ்சுபவை சில்லறை வேலைகள்: உரச்சாக்கின் தையலைப் பிரிப்பது, மிளகுக்கொடியைக் கட்டக் கயிறு நறுக்குவது, சொட்டுநீர்க் குழாயை வெட்டுவது, பழம் அரிவது, காலில் தைத்த முள்ளை எடுப்பது. இவற்றில் எதற்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு தேவையில்லை. ஆனால் ஒரு கை கயிற்றையோ கொடியையோ பிடித்திருக்கும்போது மறுகையால் மட்டும் திறக்க முடிவது பெரிய வசதி. அந்த வசதிதான் பிறகு வம்பாகவும் மாறுகிறது.

முதல் சோதனை மழை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் இடுக்கி மலைகளில் வாரக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. தோல் உறை பூசணம் பூக்கும். துருப்பிடிக்கும் கார்பன் எஃகு அலகை ஒரு பொழுது துடைக்காமல் விட்டாலே புள்ளி விழும். அதைவிட எரிச்சலூட்டுவது மரப்பிடி. ஓப்பினெல்லின் பீச் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி உப்பினால் அலகு உள்ளே சிக்கிக்கொள்ளும். நகம் உடைந்தாலும் கத்தி திறக்காது. அதே கத்தியைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலான கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் கிழக்குக் காற்றும், வெயில் நாளில் 40 டிகிரியைத் தொடும் வெப்பமும் மரத்தை வற்றவைக்கும். இறுகிய அலகு தளர்ந்து ஆடும். குமுளியின் குளிருக்கும் கம்பத்தின் வெக்கைக்கும் இடையே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் தினமும் போய்வருபவருக்கு மரப்பிடி ஒத்துவராது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய பிடியோ டைட்டானியமோ உப்புவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இந்த இடத்தில் கூடுதல் விலை நியாயமாகிறது.

எஃகு விஷயம் அவ்வளவு எளிதல்ல. 'ஸ்டெயின்லெஸ்' என்று முத்திரை இருந்தாலும் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. அதிலுள்ள குரோமியம் துருவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் அலகு அதில் 56 அளவில் நிற்கும். சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த 'மேக்னாகட்' போன்ற எஃகுகள் 60-ஐத் தாண்டுபவை. துருவை நன்றாகத் தாங்குகின்றன, கூரையும் நெடுநாள் காக்கின்றன. சிபென்சாவும் இப்போது அந்த எஃகில் கிடைக்கிறது. ஆனால் ஒருநாள் மழுங்கத்தான் செய்யும். அன்று வைரத்தூள் பதித்த தகடு தேவை. தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு சாணை பிடிக்க வருபவரிடம் கொடுத்தால் கல்லின் வேகத்தில் விளிம்பு சூடேறும். நிறம் மாறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று. கத்தி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சாணைத் தகட்டுக்கு ஒதுக்காதவர், சில மாதங்களில் விலையுயர்ந்த மழுங்கல் கத்தியோடு இருப்பார்.

பூட்டுதான் விரலைக் காப்பது. விக்டோரினாக்ஸின் சிறிய சிவப்புக் கத்திகளில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் மட்டுமே. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் விரல்மேல் மடங்கிவிடும். ஓப்பினெல் 1955-ல் திருகும் வளையம் ஒன்றைப் பூட்டாக வைத்தது. மலிவானது, நம்பகமானது, ஆனால் திறக்க இரண்டு கைகளும் வேண்டும். கிறிஸ் ரீவ் கண்டுபிடித்த முறையில் பிடியின் ஒரு பக்கத் தகடே வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்குகிறது. உறுதியான ஏற்பாடு. பூட்டைப் போலவே அலகு சுழலும் அச்சையும் கவனிக்கவேண்டும். இன்றைய பல கத்திகளில் அங்கே சிறு பால்பேரிங்குகள். கடையில் திறந்து பார்க்கும்போது வெண்ணெய்போல் வழுக்கும். தோட்டத்தில் ஒரு வாரம் கழித்துச் செம்மண்ணும் பலாப்பாலும் ஏறினால் நறநறக்கும். வெண்கலத் தகடு வாஷர் கொண்ட அச்சு, திறக்கும்போது சற்று நிதானம். அழுக்கை அதிகம் பொறுக்கும். கழற்றிக் கழுவ முடிகிற கத்தியே இந்த மண்ணுக்கு ஏற்றது. பலாப்பால் ஒட்டாதிருக்க வீட்டுப் பெண்கள் அரிவாள்மணையில் தேங்காயெண்ணெய் தடவுவார்களே, அந்த வைத்தியம் டைட்டானியம் கத்திக்கும் பலிக்கும்.

இரண்டாவது சோதனைக்கு வரலாறு நீளம். பாலக்காடும் அடங்கியிருந்த அன்றைய மலபார் மாவட்டத்தில், மாப்பிளாக்களின் கிளர்ச்சிகளுக்குப் பதிலாகக் கம்பெனி அரசு 1854-ல் 'போர்க்கத்தி'களை வைத்திருப்பதையே தடைசெய்து சட்டம் போட்டது. கலெக்டர் கனோலி ஆயிரக்கணக்கான கத்திகளைப் பறிமுதல் செய்தார். 1855 செப்டம்பரில் அவரே கொல்லப்பட்டார். கத்தி வைத்திருப்பவரைச் சட்டம் சந்தேகத்தோடு பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

இன்றைய ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன்கீழ் அமைந்த 2016-ம் ஆண்டு விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளே ஆயுதப் பட்டியலில் சேரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு. ஜீப்பில் கிடக்கும் வெட்டுக்கத்தியைக் காப்பது இந்த விலக்குதான். மூன்றரை அங்குலப் பேனாக்கத்தி அளவாலேயே தப்பிவிடுகிறது. ஆனால் தலைநகருக்கு இது பொருந்தாது. டெல்லி நிர்வாகம் 1980-ல் வெளியிட்ட அறிவிக்கை, ஸ்பிரிங்காலோ பட்டனாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறக்கும், மூடும் கத்திகளை 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். சிபென்சாவின் சிறிய ரகம் அதற்கு மயிரிழை குறைவு. பெரிய ரகம் மூன்றரை அங்குலத்தைத் தாண்டும். எட்டாம் எண் ஓப்பினெல் 8.5 செ.மீ. ரயிலேறி வடக்கே போகிறவர் கையில் அளவுகோல் இருப்பது நல்லது. விமானம் ஏறுபவர் எந்த நீளமானாலும் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவேண்டும்.

எல்லை மலைகளில் இவற்றையெல்லாம்விடக் கடுமையானது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் துப்பாக்கி, வில், கண்ணி, விஷம் ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. நீளம் சொல்லப்படவில்லை, விவசாயக் கத்திக்கு விலக்கும் இல்லை. தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது என்கிறது 31-வது பிரிவு. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே வரைபடத்தை விரித்துப் பார்க்கவேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னாறு சரணாலயத்தையும் ஊடுருவிச் செல்கிறது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், அதற்குச் சாலை பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத்தான். குமுளியில் படகுத்துறைக்குப் போகிறவர் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறார். மூணாறில் வரையாடு பார்க்கப் போகும் இரவிகுளம் தேசியப் பூங்கா. பொதுச் சாலையில் கடந்துபோகிறவர் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வாங்கவேண்டாம் என்று சட்டம் சலுகை தருகிறது. ஆயுதத் தடைக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. தோட்டத்தில் இறங்கிக்கொள்ளும் தொழிலாளியின் வெட்டுக்கத்தி சரணாலய எல்லையைத் தொடாமலே மாலையில் வீடு திரும்புகிறது. சுற்றுலா இளைஞரின் மடக்குக்கத்திதான் ஒரே விடுமுறையில் மூன்று சாவடிகளைக் கடக்கிறது.

ஆக, வாங்குகிறவர் கடைக்குப் போகும்முன் தீர்மானிக்கவேண்டியவை சில. அலகு மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும். இந்த மண்ணின் சில்லறை வேலைகளுக்கு அது தாராளம். பட்டனை அழுத்தினால் சட்டென்று பாயும் அலகும், போர்வீரன் பாணிக் கறுப்புப் பூச்சும் வேலைக்கு எதையும் சேர்ப்பதில்லை. சந்தேகத்தை மட்டும் சேர்க்கும். ஈரமலையில் வாழ்பவர் துரு தாங்கும் எஃகுக்கும் உப்பாத பிடிக்கும் தாராளமாகச் செலவிடலாம். பாலக்காட்டுச் சமவெளியில் வயலுக்கும் வீட்டுக்கும் போய்வருபவர், மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் ஓப்பினெல்லின் ஆறாம் எண் ஸ்டெயின்லெஸ் ரகத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. வனப்பகுதிக்குப் போகும் நாளில் கத்தி வீட்டிலோ விடுதியிலோ தங்கட்டும். காரின் பெட்டியில் ஒளித்துவைத்தாலும் அது சரணாலயத்துக்குள் வந்ததாகத்தான் கணக்கு. வேலை நிமித்தம் எடுத்துப்போகவேண்டியவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறவேண்டும்.

சிபென்சாவுக்கு அதன் கர்த்தா 'வேலை' என்று பெயர் வைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய்க் கத்தியானாலும் சரி, இரண்டாயிரம் ரூபாய்க் கத்தியானாலும் சரி, 'இது எதற்கு?' என்று கேட்டால் ஒரே வரியில் பதில் இருக்கவேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் எஃகின் பெயரை விசாரிக்கப் போவதில்லை. அவர் கேட்கப்போவதும் அந்த ஒரே கேள்விதான்.