துணைப் பந்தெறிவோரும் புகழ் மண்டபமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், பேஸ்பால் ஆட்டத்தில் தலைசிறந்தோரைப் போற்றும் புகழ் மண்டபம் 1939-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பத்திரிகை எழுத்தாளர் வாக்குகளில் நூற்றுக்கு 75 பெறுவோரும், தனிக்குழுவினர் தெரிந்தெடுப்போரும் ஆங்கு இடம்பெறுவர். துணைப் பந்தெறிவோர்க்கும் அவ்விடம் தகுமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறிவோன் களைத்தவிடத்து அவனுக்குப் பதிலாகப் புகுபவனே துணைப் பந்தெறிவோன். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில், இவருள் பெயர்பெற்றோர் இக்காலத்துப் பெரும்பாலும் இறுதி இன்னிங்ஸ் ஒன்றையே எறிகின்றனர். மறுப்போர் காட்டும் முதற்காரணம் இதுவே. தொடக்கப் பந்தெறிவோராகிய வால்டர் ஜான்சன் 5,900-க்கு மேற்பட்ட இன்னிங்ஸ் எறிந்தார். துணைவராகிய மரியானோ ரிவேராவோ 1,283. பில்லி வாக்னர் 903 மட்டுமே. நாள் முழுதும் உழுதவனும் அந்தியில் வந்தவனும் ஒப்பாவரோ என்பது அவர்தம் கேள்வி.

இதற்கு விடையாகச் சிலர் ‘சேவ்’ எண்ணிக்கையைக் காட்டுவர். 1969 முதல் முறைப்படி கணக்கிடப்படும் இது, தன் அணியின் வெற்றியை இறுதிவரை காத்தவனுக்கு உரியது. ஆயின், மூன்று ஓட்டம் மிகுந்திருக்கக் கடைசி இன்னிங்ஸை எளிதில் முடிப்பவனுக்கும் ஒரு சேவ். ஓர் ஓட்டமே மிகுந்திருக்க நெருக்கடியிற் புகுந்து காப்பவனுக்கும் ஒரு சேவ். அரியதையும் எளியதையும் ஒன்றாகவே நிறுக்கும் இத்தராசினை முழுதும் நம்புதல் ஆகாது.

அங்ஙனமாயின் எதனை நோக்குவது? உழைப்பின் அளவு, குன்றாத திறம், நெருக்கடியில் தளராமை என்னும் மூன்றினையுமே நாம் கூறுவோம். துணைவருள் முதன்முதலாக 1985-இல் மண்டபம் புகுந்த ஹாய்ட் வில்ஹெல்ம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இன்னிங்ஸ் எறிந்தவர். அவர் உழைப்பில் குறைகாண்பார் இலர். ரிவேரா, பருவ இறுதிப் போட்டிகளில் 141 இன்னிங்ஸ் எறிந்தும், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.70 ஓட்டமே தம் பொறுப்பில் விட்டார். 2019-இல் வாக்களித்த 425 பேரும் அவரைத் தெரிந்தனர். அதற்குமுன் இங்ஙனம் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இலர்.

வாக்னர் நிலையே ஐயத்திற்கு இடமானது. அவர் உழைத்த அளவு சிறிது. பருவ இறுதிப் போட்டிகளிலும் சிறந்திலர், எனினும் அங்கு எறிந்தவை பன்னிரண்டு இன்னிங்ஸும் நிரம்பாதவை. மற்று, தம் 903 இன்னிங்ஸில் 1,196 பேரை ஸ்டிரைக் முறையில் வெளியேற்றிய திறமோ வியக்கத்தக்கது. வாக்குச்சீட்டில் பெயர் நிற்றற்குரிய பத்தாவதும் கடைசியுமான ஆண்டாகிய 2025-இல் அவர் தேர்வுற்றது, வாக்காளரின் தயக்கத்தை நன்கு புலப்படுத்தும்.

ஆகவே, துணைவன் என்ற பெயர்கொண்டு ஒருவனைத் தள்ளுதலும் முறையன்று. சேவ் எண்ணிக்கை ஒன்றேகொண்டு சேர்த்தலும் முறையன்று. இறுதி இன்னிங்ஸ் குறுகியதே. ஆயினும், அதில் இழந்த முன்னணியை மீட்கத் தன் அணிக்குப் பின்னர் வாய்ப்புக் கிட்டுதல் அரிது. அப்பொறுப்பைப் பல்லாண்டு வழுவாது தாங்கிய சிலர்க்கு மண்டப வாயில் திறத்தலே நீதி என்பது நம் துணிபு.