ஒரு மாத்திரை, இரண்டு மருந்துகள்

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் நிலங்களில் கடலை பிடுங்கும் நாட்களில், பொழுதெல்லாம் குனிந்து வேலை செய்தவர்களுக்கு மாலையில் இடுப்பும் முழங்காலும் வலியெடுக்கும். மருந்துக்கடைக்குச் சென்று, "உடம்புவலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று, நான்கு மாத்திரைகள் ஒரு சிறு உறையில் வரும். மருந்தின் பெயர் உறையில் இராது. மாணவ நண்பர்களே, அந்த உறைக்குள் இருப்பது என்ன?

பெரும்பாலும் அதில் ஒரு கூட்டு மாத்திரை இருக்கக்கூடும். இரண்டு அல்லது மூன்று மருந்துகளைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்துச் செய்வதே கூட்டு மாத்திரை. மூட்டுவலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ஒன்றைப் பாருங்கள். அதன் அட்டையில், ‘அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி.’ என்று அச்சிட்டிருக்கும்.

இரண்டும் வேலை செய்யும் விதம்

உடலில் அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. வீக்கத்தையும் வலியையும் மிகுவிப்பவை இவையே. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவை உண்டாவதைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்னும் இங்கிலாந்து அறிஞர் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அசிக்ளோஃபெனாக்கும் அதே வழியில்தான் வலியைக் குறைக்கிறது. பாரசிட்டமால் பெரிதும் மூளையில் செயல்பட்டு வலியையும் காய்ச்சலையும் தணிக்கிறது. இருவேறு வழிகளில் வலியைத் தாக்குவதால்தான் இவற்றைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் புரோஸ்டாகிளாண்டினுக்கு நல்ல வேலைகளும் உண்டு. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் செல்ல உதவுவதும் அதுவே. அதைத் தடுத்தால் வலி குறையும். கூடவே இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம். கோடை வெயிலில் வியர்த்து, போதிய நீர் குடிக்காமல் இருப்பவர் இம்மருந்தை விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

காய்ச்சலின்போது இன்னோர் அபாயமும் உண்டு. டெங்குக் காய்ச்சலும் கடும் உடம்புவலியோடுதான் தொடங்கும். டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறைவதால் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவை அதை மோசமாக்கும். எனவே என்ன காய்ச்சல் என்று தெரியும் முன்னரே கூட்டு வலிமாத்திரையை விழுங்குவது ஆபத்து.

ஒரு கூட்டல் கணக்கு

பாரசிட்டமால் பாதுகாப்பான மருந்துதான், அளவுக்குள் இருக்கும்வரை! வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைய உச்ச அளவு 4,000 மி.கி. நோயாளி ஒருவர் காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரையை நான்கு வேளை சாப்பிடுகிறார்: 2,600. மூட்டுவலிக்குக் கூட்டு மாத்திரை இரண்டு: 650. சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் 500 மி.கி. பாரசிட்டமால், மூன்று வேளை: 1,500. மொத்தம் 4,750 மி.கி.! மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்றே அவர் எண்ணியிருப்பார்.

மிகையானால் என்ன ஆகும்? பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாகிறது. கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் அந்த நச்சை முறிக்கிறது. மருந்து மிதமிஞ்சினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கிறது. முதல் நாளில் வெறும் குமட்டல் மட்டும் இருக்கலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரண்டு மூன்று நாட்களில் கல்லீரல் கெடும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்றுமருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பலன் கிடைக்கும். ஆகவே அளவு மீறியது தெரிந்தால், நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், 108ஐ அழைக்கலாம்.

எல்லாக் கூட்டும் ஏற்றதன்று

இரண்டு நல்ல மருந்துகளைச் சேர்த்தால் நல்ல கூட்டு மருந்து கிடைத்துவிடுமா? 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அசிக்ளோஃபெனாக் 50 மி.கி., பாரசிட்டமால் 125 மி.கி. சேர்ந்த மாத்திரையும் அவற்றுள் ஒன்று. இவற்றைச் சேர்ப்பதற்கு மருத்துவ நியாயம் இல்லை என்று வல்லுநர் குழு கருதியது. பெயர்கள் அவையே, அளவு வேறு. பெயரோடு அளவையும் ஏன் படிக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நினைவில் கொள்ளுங்கள்

1. அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ குறியும் சிவப்புக் கோடும் இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து.
2. உறையில் பெயரில்லாத மாத்திரையை விழுங்காதீர்கள். மருந்தின் பெயரை எழுதித் தருமாறு கேளுங்கள்.
3. வேறு மருந்து சாப்பிடுவதையும், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.
4. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சிறுவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு எடையைக் கொண்டே அளவு கணக்கிடப்படுகிறது.
5. வலி குறையவில்லை என்று தாமாகவே இன்னொன்று போட்டுக்கொள்ளக் கூடாது.

செய்து பாருங்கள்

பெரியவர்கள் உடனிருக்க, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுங்கள். ஒரு தாளில் மாத்திரையின் விற்பனைப் பெயரை ஒரு பக்கமும், அதிலுள்ள மருந்துகளையும் அளவையும் மறுபக்கமும் எழுதுங்கள். பாரசிட்டமால் எத்தனை அட்டைகளில் வருகிறது என்று எண்ணுங்கள். அந்தத் தாளை மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.