கெர்னலுக்குள் நிரல் எழுதக் கற்றல்

விசைப்பலகை, வலைப்பின்னல் அட்டை போன்ற வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று கட்டளைகளையும் தரவையும் கொண்டு செல்லும் மென்பொருளே டிரைவர் எனப்படும் சாதன இயக்கி. லினக்ஸில் இது பெரும்பாலும் கெர்னல் என்னும் மையப் பகுதிக்குள்ளேயே இயங்குவதால், தவறான ஒரே நினைவக முகவரி கணினி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும்.

தொடக்கநிலைப் பயிற்சி ஒரு சிறு நிரற்கூறை ஏற்றவும் இறக்கவும் கற்றுத்தரும். உயர்நிலைப் பயிற்சியின் உண்மையான கடினம் குறுக்கீட்டில், அதாவது தரவு வந்ததும் வலைப்பின்னல் அட்டை செயலிக்கு விடுக்கும் அவசர அழைப்பில், தொடங்குகிறது. அவ்வழைப்பை உடனே ஏற்கும் நிரற்பகுதி எதற்காகவும் உறங்கிக் காத்திருக்கக் கூடாது என்பதால், பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு நிரற்பகுதி மட்டும் தொடும்படி காக்கும் பூட்டுகளில், உறங்கவைக்கும் மியூட்டெக்ஸுக்கு அங்கே இடமில்லை. சுழன்றபடியே காத்திருக்கும் ஸ்பின்லாக் பூட்டையே நாட வேண்டும், நீண்ட வேலைகளைப் பின்னர் செய்யும்படி ஒத்திவைக்கவும் வேண்டும். இவ்விதியை மீறிய நிரல் சோதனையில் பலமுறை ஒழுங்காக ஓடிவிட்டு, சுமை கூடும் நாளில் கணினியை முடக்கக்கூடும் என்பதே இதன் ஆபத்து. ஆகவேதான், பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் பிழையைப் பிடிக்கும் கேசான் ஆகிய கருவிகளுக்குப் பாடத்திட்டத்தில் தாராளமாக நேரம் ஒதுக்குவது மிக அவசியம்.

2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 முதல் கெர்னலில் இடம்பெற்றுள்ள ரஸ்ட் மொழி, நினைவகப் பிழைகள் பலவற்றைத் தொகுக்கும்போதே தடுக்கிறது. ஆயினும், உறங்கக் கூடாத இடத்தில் உறங்கும் பிழையை அதன் தொகுப்பி தானாகக் கண்டுபிடிப்பதில்லை.